செவிக்குச் சாதி உண்டோ?

"கெட்டது செவி! குலைந்தது சுவை! பால்மணம் மாறாப் பச்சிளங் குழந்தைகள் குத்துப்பாட்டுப் பாடுகின்றனவே, கானா பாடிக் களிக்கின்றனவே! எங்கே போயிற்று நம் பாரம்பரியம்?" – என்று ஓலமிடுகின்றனர் ஒரு சாரார். மார்கழி பிறந்தால் இந்த ஓலம் மன்றங்களிலே கேட்கிறது. ஆண்டுவிழா நெருங்கினால் பள்ளி ஆசிரியர் அறையிலே கேட்கிறது. தொலைக்காட்சியிலே சிறுவர் பாட்டுப்போட்டி நடந்தால் நடுவர் நாற்காலியிலிருந்தே கேட்கிறது. ஓலமிடுவோர் எல்லோரும் தீயவரல்லர். பலர் நல்லெண்ணம் உடையோரே. ஆனால் நல்லெண்ணம் உண்மைக்குச் சான்றாகிவிடுமோ? ஆகவே தோழர்காள், அந்த ஓலத்தின் மேல்தோலை உரித்து, உள்ளே இருப்பது என்னவென்று பார்ப்போம்.

உள்ளே ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. சங்கீத ஞானம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது; ஏனையோர்க்கு எட்டாக்கனி; எட்டாதவர் வீட்டுப் பிள்ளை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தெருப்பாட்டுப் பாடுவது இயல்பு – இதுதான் அக்கருத்து. இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. "இரத்தத்திலேயே ஊறியது" என்பார்கள். "பரம்பரை" என்பார்கள். "பூர்வ புண்ணியம்" என்பாரும் உண்டு. நல்லது. இரத்தத்தைச் சோதிக்கும் கூடங்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று சீட்டில் எழுதித் தருகின்றனர். கல்யாணி இத்தனை, காம்போதி இத்தனை என்று எழுதித் தந்த கூடம் ஒன்றையும் நாம் இதுவரை கண்டோமில்லை!

பிறவி பேசுவோர்க்குப் பிறந்த குழந்தையே விடை சொல்லட்டும். 2009ஆம் ஆண்டில், அங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் இஸ்த்வான் விங்க்லரும் அவர்தம் குழுவினரும், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது ஒரு தாள ஒலியைக் கேட்கச் செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். தாளத்தில் எடுப்பான அடி ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டபோது, உறங்கும் குழந்தையின் மூளை அதனைக் கண்டுகொண்டது. கண்திறந்து உலகைக் காணத் தொடங்கிய மூன்றாம் நாளே 'இங்கே ஓர் அடி குறைகிறது' என்று உணரும் செவி! அந்தச் செவிக்கு யார் வீட்டில் தம்பூரா இருக்கிறது, யார் வீட்டில் பறை தொங்குகிறது என்பதெல்லாம் தெரியுமோ?

இன்னொரு சோதனையைக் கேளுங்கள். இதுதான் நம் வாதத்தின் முதுகெலும்பு. பல்கேரியா, மாசிடோனியா முதலிய பால்கன் நாடுகளின் நாட்டுப்பாடல்களில் தாளம் சமநடை போடுவதில்லை. இரண்டும் மூன்றுமாகக் கலந்து, ஐந்தென்றும் ஏழென்றும் ஒடித்து ஒடித்து நடக்கும் – நம் கண்டமும் மிசிரமும் போல. எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள், அத்தகைய பாட்டுகளையும் சமநடைப் பாட்டுகளையும் வட அமெரிக்கர்களுக்குக் கேட்பித்து, இடையிலே தாளத்தைக் கெடுத்துப் பார்த்தனர். முடிவுகள் 2005இல் வெளிவந்தன. சமநடையில் பிழை நேர்ந்தால் பெரியவர்கள் கண்டுகொண்டனர். ஒடிநடையில் பிழை நேர்ந்தால் விழித்தனர். ஆறு மாதக் குழந்தைகளோ இரண்டிலும் பிழையைப் பிடித்துவிட்டன! பன்னிரண்டு மாதம் நிறைந்த குழந்தை? அது பெரியவர்களைப் போலவே தடுமாறிற்று. சுற்றிலும் சமநடைப் பாட்டையே கேட்டுக் கேட்டு, ஓராண்டுக்குள்ளாகவே செவி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆனால் வீட்டிலே இரண்டு வாரம், நாள்தோறும் சிறிது நேரம் பால்கன் இசை ஒலிக்கச் செய்ததும், அந்த ஓராண்டுக் குழந்தை இழந்ததை மீட்டுக்கொண்டது. அதே அளவு கேட்ட பெரியவர்களால் அவ்வாறு மீட்க முடியவில்லை.

இனிமை என்பதேனும் இயற்கையின் ஏற்பாடோ என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. சேர்ந்தொலிக்கும் சுரங்களுள் சில இனியவை, சில இன்னாதவை என்று மேல்நாட்டார் நெடுங்காலம் இலக்கணம் வகுத்திருந்தனர். பொலிவியக் காட்டிலே வாழும் சிமானே மக்களிடம் அவற்றை இசைத்துக் காட்டியபோது, இரண்டும் ஒன்றுபோல் இனிமையாகவே இருப்பதாக அவர்கள் தெரிவித்தனர். 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பழக்கம், சூழல், கேள்வி – சுவையை ஆக்குபவை இவையே. பிறவியன்று, பிரமன் எழுத்தன்று.

"அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! பழக்கம் கெட்டதனால் அல்லவோ சுவை கெட்டது?" என்று திரும்பிப் பாய்வார்கள். பாயட்டும். செவி நாளடைவில் குறுகுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. இளங்குழந்தை எந்த இசையையும் முகஞ்சுளிக்காது கேட்கும். அதனைத் 'திறந்த செவி' என்று 1982இல் பெயரிட்டார் டேவிட் ஹார்கிரீவ்ஸ் என்னும் உளநூல் அறிஞர். தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளுக்கு வரும்போதே அத்திறப்பு மெல்ல மெல்ல மூடுவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் கதவு மூடுவது கானாவினாலா? ஒன்றையே கேட்டு வேறொன்றும் கேளாமையினால்! கீர்த்தனை ஒன்றையே கேட்டு வளர்ந்த குழந்தைக்கும் அதே கதவு அதேபோல் மூடிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை பறையொலி கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டால் அதற்குப் பெயர் 'உயர்ந்த இரசனை'. இந்தப் பிள்ளை ஆலாபனை கேட்டுக் கொட்டாவி விட்டால் அதற்குப் பெயர் 'கெட்டுப்போன செவி'. துலாக்கோலின் ஒரு தட்டிலே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நியாயம் நிறுக்கும் வேலை இது!

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்பிலே ஒரு சிறுவன். பலகையில் விரல் பட்டால் போதும், தாளம் பிறக்கும். அவன் தட்டிய அடிகளுள் ஒன்று மூன்றும் நான்குமாக ஏழெண்ணிக்கை. ஒரு முறையும் இடறியதில்லை. தந்தையார் பறையிசைப்பவர். இசைவகுப்பிலே மிசிரசாபு என்று பெயர் சொல்லி, தொடையில் தட்டித் தட்டி, பல மாதம் கற்பிக்கும் கணக்கு அது. பையனுக்கோ அதன் பெயர் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும். ஆண்டுவிழாவில் அவனும் தோழர் நால்வரும் பறையிசைக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். விழாக் குழுவிலிருந்து விடை வந்தது: "சாவுக்கொட்டு சபைக்கு வேண்டாம்."

சரி, தூய சங்கீதமே வேண்டுமென்று விரதம் பூண்ட குழுவோ என்றால், அதுவுமில்லை! அன்று மாலை நிகழ்ச்சி நிரலிலே திரைப்பாட்டுக்குக் குழு ஆட்டங்கள் ஐந்து. ஒலிபெருக்கி அதிர்ந்தது, நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் பளபளக்கும் உடையில் ஆடினர், முன்வரிசையினர் கைதட்டினர். அந்த ஐந்து பாட்டுகளில் மூன்று பறையடியில் தொடங்கின. ஆம், அதே அடி! பெட்டிக்குள்ளிருந்து வந்தால் கலை; பையன் கையிலிருந்து வந்தால் தீட்டு! வெகுமக்கள் பாட்டின்மீது வெறுப்பு என்று சொல்லப்படுவதன் உண்மை முகத்தை அன்று கண்டோம். வெறுக்கப்படுவது பாட்டன்று, பாடும் வாயும் தட்டும் கையும். அந்தப் பையன் விழாவின்போது நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு மட்டும் அவன் வேண்டியிருந்தது.

குழந்தையின் செவி பற்றிய கவலை இன்னொரு வகைப் பித்தலாட்டத்துக்கும் வழிவகுத்திருக்கிறது. பழைய மூடநம்பிக்கையை நாமறிவோம்: இராகம் பாடி மழை பொழியச் செய்தார் ஒருவர், இராகம் பாடி விளக்கேற்றினார் மற்றொருவர் என்னும் கதைகள். மின்வாரியமும் குடிநீர் வாரியமும் வித்துவான்களை அமர்த்திக்கொள்ளாதது ஏனோ தெரியவில்லை! புதிய மூடநம்பிக்கை கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வருகிறது. 1993இல் அமெரிக்காவிலே கல்லூரி மாணவர் 36 பேருக்கு மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்பித்து, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தனர். சிறிது மேலாகச் செய்தார்கள். அந்த மேன்மையும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. இவ்வளவுதான் செய்தி. குழந்தை ஒன்றுகூட அச்சோதனையில் இல்லை. ஆனால் 'மோசார்ட் கேட்டால் குழந்தை மேதையாகும்' என்று வணிகர் பறைசாற்றினர். 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்க முனைந்தார். 2010இல் வியன்னாவிலே – மோசார்ட் வாழ்ந்த அதே நகரிலே – ஆய்வாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, மோசார்ட்டுக்கெனத் தனி மகிமை ஏதுமில்லை என்று முடிவு கூறினர். நம் ஊரிலோ, கருவுற்ற பெண்ணின் வயிற்றருகே இன்ன இராகத்தை ஒலிக்கவிட்டால் பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று சொல்லிக் காசு பறிக்கும் கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. இசை, கணக்குக்கு உரம் போடுவதற்காக வந்ததன்று. பாடத் தெரிந்த குழந்தை பாடும். அந்த மகிழ்ச்சி ஒன்றே அதற்குப் போதிய நியாயம்.

இனி, இசை கற்பிக்கும் முறைக்கு வருவோம். காசு கொடுத்து இசைவகுப்புக்கு அனுப்பும் வீட்டுப் பிள்ளை முதலில் என்ன பயில்கிறது? சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம். இம்முறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது வழக்கு. முதற்பாடத்துக்குரிய இராகம் மாயாமாளவகௌளை. சட்சத்தை அடுத்து அரைப்படி, பஞ்சமத்தை அடுத்து அரைப்படி என்று நெருக்க நெருக்கமாகச் சுரம் நிற்கும் இராகம் அது. ஐந்து வயதுக் குரல் அந்த நெருக்கத்திலே வழுக்குகிறது. வழுக்கிய குழந்தைக்கு 'ஞானமில்லை' என்று முத்திரை! அதே குழந்தை தெருவிலே கண்ணாமூச்சி ஆடும்போது, தோழியைப் பெயர் சொல்லி நீட்டி அழைக்கும்போது, இரண்டு மூன்று சுரத்தை அச்சுப் பிசகாமல் பாடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

புரந்தரதாசரை நாம் குறை கூற வரவில்லை. அவர் தம் மக்கள் பேசிய கன்னடத்திலே பாடினார்; வடமொழிப் பூட்டை உடைத்துத் தெருவுக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். அந்நாளில் அது புரட்சியே. நம் வகுப்பினர் அவருடைய பாடத்தை எடுத்துக்கொண்டனர். அவருடைய கொள்கையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தனர்! குழந்தையின் தாய்மொழியில் தொடங்கு என்றல்லவோ அவர் செயல் கூறிற்று? நம் குழந்தையோ பொருள் தெரியாத கன்னடச் சொற்களையும் வடசொற்களையும் உதட்டால் ஒப்பிக்கிறது.

தமிழில் இசைக்கு இலக்கணம் இல்லையோ? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் நம்மிடம் பெயருண்டு. ஏழு சுரம் கொண்டது பண், ஆறு கொண்டது பண்ணியம், ஐந்து கொண்டது திறம், நான்கு கொண்டது திறத்திறம் என்று வகைப்படுத்தியும் வைத்தனர் முன்னோர். ஐந்து சுரத்து மோகனமே பழைய முல்லைப்பண் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அதில் நெருக்க சுரம் இல்லை. குழந்தைக் குரலுக்கு வாகானது. தொடக்கத்தில் ஆசிரியராயிருந்து பின்னர்ச் சித்த மருத்துவத்தில் பேர்பெற்ற தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், இந்தச் செல்வத்தையெல்லாம் அகழ்ந்தெடுத்துக் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலாக 1917இல் வெளியிட்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தது. துக்கடாவாகக் கடைசியிலே தூவப்பட்ட தமிழ்ப்பாட்டு, மேடையின் நடுவுக்கு வர வழி பிறந்தது. பெருமைப்படத்தக்க வரலாறு. ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கிளர்ச்சி கச்சேரி மேடையை அசைத்தது, முதல் வகுப்புப் பிள்ளையின் பாயை அசைக்கவில்லை. மேடையிலே பாடுபவர் தமிழில் பாடவேண்டும் என்று போராடினோம். தமிழ்ப்பிள்ளைகள் எல்லோரும் பாடவேண்டும் என்று போராடினோமா?

இவ்வளவும் சொன்னதனால், ஒலிபெருக்கியில் வருவதெல்லாம் ஓங்காரம் என்று நாம் கும்பிடுவதாக எண்ணிவிடவேண்டாம். பாட்டு விற்பனைச் சரக்காகிவிட்ட காலம் இது. 2011இல் 'கொலவெறி' என்று ஒரு பாட்டு வந்தது. பெண்ணால் கைவிடப்பட்டவன் மதுக்கிண்ணத்தோடு புலம்புவது. மூன்று வயதுக் குழந்தை அதனை மழலையில் பாட, வீட்டார் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பி உள்ளம் பூரித்தனர். பெண்ணைப் பின்தொடர்வதை வீரமாகக் காட்டும் பாட்டு, குடியைக் கொண்டாடும் பாட்டு – இவை குழந்தையின் வாய்க்கு எப்படி வந்தன? குழந்தையா எழுதிற்று? குழந்தையா படமெடுத்தது? திருவிழாத் தெருக்களிலே தத்தம் சாதியின் வீரத்தை முழக்கும் பாட்டுகளை இரவெல்லாம் அலறவிடுவோர் யார்? பெரியவர்களே! எழுதியவரையும் விற்றவரையும் விட்டுவிட்டு, பாடிய குழந்தையின் காதைத் திருகுவது என்ன நீதி?

தடை போடுவதும் பயனற்றது. வகுப்பிலே 'அந்தப் பாட்டைப் பாடாதே' என்று சொல்லிப் பாருங்கள். இடைவேளையில் இரண்டு மடங்கு உரத்துப் பாடுவார்கள். நாம் வேறொன்று செய்து பார்த்தோம். மூன்றாம் வகுப்பிலே பிள்ளைகள் விரும்பிய ஒரு திரைப்பாட்டை எடுத்துக்கொண்டோம். "மெட்டு உங்களுடையது, இதில் வரும் அண்ணன் அந்த அக்காவிடம் இப்படிப் பேசுவது உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்டோம். பிடிக்கவில்லை என்றாள் ஒரு சிறுமி. தன்னிடம் யாரேனும் அப்படிப் பேசினால் அம்மாவிடம் சொல்லிவிடுவாளாம். "ஆனால் சொல்லை மாற்றுங்கள், பாட்டை மாற்றாதீர்கள்" என்றான் ஒருவன். மெட்டை வைத்துக்கொண்டு புதுச்சொல் கட்டினர். பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருப்பதைப் பற்றி ஒரு சரணம் வந்தது! தலைமையாசிரியர் சன்னல் பக்கம் வந்து கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். தொட்டி இரண்டு நாளில் கழுவப்பட்டது. தெரிந்த மெட்டில் புதுக்கருத்தை ஏற்றுவது நம் நாடக மேடையும் கிளர்ச்சி மேடையும் நெடுங்காலம் கையாண்ட முறைதானே?

திரைப்பாட்டு என்றாலே இழிவு என்போர், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை மறந்துவிடுகின்றனர். 'நாடோடி மன்னன்' (1958), 'அரசிளங்குமரி' (1961) ஆகிய படங்களில் சிறுவரை நோக்கி அவர் எழுதிய பாட்டுகளைவிடச் சிறந்த நீதிப்பாடம் எந்தப் பாடநூலிலே இருக்கிறது? 29 வயதில் மறைந்த அந்த உழவர் மகன், வெகுமக்கள் பாட்டு எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதற்கு அளவுகோல் வைத்துவிட்டுப் போனார். 2021இல் அறிவும் தீயும் பாடி வந்த 'என்சாய் எஞ்சாமி'யைக் குழந்தைகள் தெருத்தெருவாகப் பாடினர். துள்ளி ஆடத் தூண்டும் அப்பாட்டின் அடியிலே ஒப்பாரியின் விம்மல் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்து, நிலமற்றுத் திரும்பிய அறிவின் பாட்டியாரின் வாழ்வு இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலே அந்தப் பாட்டைக் கொண்டு தேயிலை எங்கே விளைகிறது, பறித்தவர் யார், நிலம் யாருடையது என்று பாடம் நடத்தலாம். ஒப்பாரிப் பண்ணையும் கற்பிக்கலாம். பிள்ளைகளின் வாயிலே பாடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் கேட்டால் போதும்.

இதற்கு முன்மாதிரி உண்டா? உண்டு, அங்கேரியிலே. ஸோல்தான் கொடாய் என்னும் இசைப்புலவர், 1905 முதல் கிராமம் கிராமமாகச் சென்று, உழவரும் பாட்டிமாரும் பாடிய பாட்டுகளைத் திரட்டினார். நண்பர் பார்டோக்கும் உடன் உழைத்தார். அந்நாட்டு மேட்டுக்குடியினர் செர்மானிய இசையே இசை என்றிருந்த காலம் அது. திரட்டிய பாட்டை அவர் அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டவில்லை; பள்ளிப் பிள்ளைக்குப் பாடமாக்கினார். இரண்டு சுரத்தில் தொடங்கி, ஐந்து சுரத்துக்கு ஏறி, அதன்பின் எழுத்து. கருவி வேண்டா, காசு வேண்டா, குரல் ஒன்றே போதும். 1950இல் கெச்கெமேட் நகரிலே, நாள்தோறும் இசைப்பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி அவர் முறைப்படி தோன்றிற்று. விரைவில் நாடெங்கும் பரவிற்று. ஆனால் கொடாயிடமும் நமக்கு வழக்குண்டு. நாட்டுப்பாட்டைத் தலைமேல் வைத்த அவர், நகரத்து மலிவுப் பாட்டை நஞ்சென்று ஒதுக்கினார். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். வடசென்னைச் சந்திலே பிறந்த கானாவும் ஒரு நாட்டின் பாட்டுத்தானே? ஓர் ஊரிலே நூறாண்டுக்கு முன் பாடினால் நாட்டுப்பாட்டு, நேற்று பாடினால் குப்பை என்பது எந்தக் கணக்கு?

அங்கேரியை விடுவோம், நம் நாட்டு ஏற்பாட்டைப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுகிறது – யாருக்கு? ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! அதன்படி 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பேர் அமர்த்தப்பட்டனர். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அத்தனை வேலைக்கும் சேர்த்து அத்தனை பேர். அவர்களுள் இசைக்கு வந்தவர் எத்தனை பள்ளிக்கு எட்டியிருக்க முடியும்? ஒன்று முதல் ஐந்து வரை, செவி திறந்திருக்கும் அந்த ஐந்தாண்டுக்கு, சட்டத்திலே இசைக்கு ஆளில்லை. கதவு திறந்திருக்கும்போது வாராமல், மூடத் தொடங்கியபின் வந்து தட்டுகிற விருந்தாளியைப் போலிருக்கிறது இந்த ஏற்பாடு. காசுள்ளவன் பிள்ளை ஐந்து வயதில் வீட்டிலே ஆசிரியரை வைத்துக் கற்கிறது. பத்தாண்டு கழித்து, "பார், அந்தப் பிள்ளைக்கு இரத்தத்திலே இருக்கிறது" என்கிறோம்!

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி, மேடையே காணாத பிள்ளை மேடை கண்டது. ஆனால் போட்டி, போட்டிதான். ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைப் பொறுக்கியெடுத்து அனுப்புகிறோம். மற்ற முப்பத்தொன்பது பேரும் கைதட்டப் பயில்கின்றனர். "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று கூட்டுப்பாட்டிலே ஒரு குழந்தையிடம் சொல்லும் வழக்கம் இன்னும் நம் பள்ளிகளில் உண்டு. சுரபேதமே அறிய இயலாத பிறவிக் குறை உண்மையிலேயே உடையோர் நூற்றுக்கு இருவர்கூட இரார் என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகிறது. நாற்பது பேர் வகுப்பிலே அப்படி ஒருவர் இருந்தாலே அதிகம். நாமோ பாதிப் பேரை வாயடைத்துவிட்டு, 'ஞானமில்லை' என்கிறோம்.

"ஆசிரியருக்கே பாடத் தெரியாதே" என்பது கடைசியாக வரும் கேள்வி. உண்மைதான், நமக்கும் சங்கீதப் பட்டயம் ஏதுமில்லை. தொடக்கக்கல்விப் பட்டயப் பயிற்சியில் வகுப்பறைப் பாட்டையும் தாளத்தையும் கருத்தாகக் கற்பிக்கட்டும். அது அரசின் வேலை. கேட்டுக்கொண்டே இருப்போம். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி வேளைக்கு எதிரே 'இசை' என்று எழுதி, தேர்வு வருகிறதென்று அதனையும் கணக்குக்குத் தாரை வார்க்கும் வழக்கம் நிற்கட்டும். அது நம் போன்ற ஆசிரியரின் வேலை. தோழர்காள், உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் பக்கத்திலே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கும். அந்த ஊரிலே தாலாட்டும் நடவுப்பாட்டும் தெரிந்த ஒரு மூதாட்டியார் இருப்பார். பறையடியின் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் ஒரு பெரியவரும் இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவிலே பேசி, வாரம் ஒரு மணி நேரம் அவர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். இலவசமாக வரச் சொல்லாதீர்கள். வண்டிச் செலவும் ஊதியமும் திரட்டிக் கொடுங்கள். வாசலிலே நிறுத்திப் பேசாமல், ஆசிரியர் அறையிலே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டிலே அவர் பெயருக்கு எதிரே 'இசையாசிரியர்' என்றே எழுதச் சொல்லுங்கள்.